கண்டதும் கேட்டதும்: வணிகம் பயில்வோர்க்கு ஓர் ஆய்வு வரலாறு

தந்தையின் கடையில் அமர்ந்து தொழிலைக் கற்ற தலைமுறை நம்மிடையே குறைந்து வருகிறது. கல்லூரி வகுப்பில் அமர்ந்து அதனைக் கற்கும் தலைமுறை பெருகி வருகிறது. பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. என்று பட்டங்களின் பெயர்கள் நம் இல்லங்களில் அன்றாடப் பேச்சாகிவிட்டன. அவ்வகுப்புகளில் ‘ஆய்வு முறைகள்’ என்றொரு பாடம் உண்டு. இறுதியாண்டில் மாணவர் ஏதேனும் ஒரு தொழிலைப் பற்றி வினாத்தாள் தயாரித்து, மக்களிடம் விடை வாங்கி, அட்டவணையிட்டு, ஆய்வேடாகக் கட்டித் தரல் வேண்டும்.

அப்பாடத்தைப் பிள்ளைகள் பலர் சுமையாகவே கருதுகின்றனர். நூறு பேரிடம் கேட்க வேண்டிய வினாத்தாள்களை விடுதி அறையில் இருவர் மூவராக அமர்ந்து, பேனாவை மாற்றி மாற்றி, ஒரே இரவில் நிரப்பி முடிப்பதும் உண்டு. மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, பட்டமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதே பிள்ளை நாளை ஒரு கடை திறக்க முற்படும்போது, தந்தையின் சேமிப்பும் தாயின் நகையும் எந்தத் தகவலை நம்பி முதலாக இடப்படுகின்றன என்னும் வினா எழும். “அந்த ஊரில் இந்தச் சரக்கு நன்றாக ஓடும்” என்று சொல்கிறார்களே, அது எப்படித் தெரியும்? யார் சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்? இவ்வினாக்களை முறையாகக் கேட்கக் கற்பதே ஆய்வுக் கல்வி. இது மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்துத் தந்த புதுமை என்று எண்ணுவோர் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நலம்.

விலைச்சீட்டு ஏந்திய வணிகர்

அரபு மொழியில் வணிகம் பற்றி எழுந்த பழைய நூல்களுள் சிறப்பு வாய்ந்தது அபுல் ஃபள்ல் ஜஅஃபர் அத்திமஷ்கீ என்பார் இயற்றிய ‘அல்இஷாரா இலா மஹாசினித் திஜாரா’. வணிகத்தின் சிறப்புகளைச் சுட்டிக் காட்டுதல் என்பது அதன் பொருள். 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்படாத இந்நூல் வணிகரை மூவகையாகப் பிரிக்கிறது. மலிவான காலத்தில் வாங்கிச் சேமித்து விலை ஏறும்போது விற்பவர் ஒருவகை. ஊர் ஊராகச் சரக்கைக் கொண்டு செல்பவர் இன்னொரு வகை. தாம் இருந்த இடத்தில் இருந்துகொண்டே முகவர் மூலம் சரக்கு அனுப்புபவர் மூன்றாம் வகை.

இம்மூவருள் பயண வணிகருக்கு அந்நூலாசிரியர் கூறும் அறிவுரை நம் கருத்துக்கு உரியது. அவர் தாம் திரும்பிச் செல்லவிருக்கும் ஊரில் சரக்குகள் விற்கும் விலைகளை ஒரு சீட்டில் குறித்துக் கையோடு கொண்டு செல்லல் வேண்டும். அயலூரில் ஒரு பொருள் மலிவாகத் தோன்றினால் உடனே வாங்கிவிடாமல், அச்சீட்டோடு ஒப்பிட்டு, வழிச்செலவையும் கணக்கிட்டுப் பிறகே முடிவு செய்தல் வேண்டும் என்பது அவ்வறிவுரை. ஒரு பொருளுக்கு நடுத்தர விலை என்ன என்பதை அறியவும் அவர் வழி சொல்கிறார். அவ்வூரில் தொழில் அறிந்த நம்பகமானவர்களைக் கேட்க வேண்டும். பெரும்பாலான காலங்களில் வழங்கிவரும் விலையையும், அருமையாக நேரும் ஏற்ற இறக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். இன்றைய பாடநூலில் ‘சராசரி’, ‘விலகல்’ என்னும் தலைப்புகளில் வருவனவற்றின் கரு இங்கேயே இருக்கிறது.

செய்தியை எடைபோடும் கலையும் நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படுவதேயாகும். ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், செய்தி என்ன என்று பார்ப்பதோடு ஆலிம்கள் நிற்பதில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவ்விருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்க இயலுமா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது, வேறு வழியாக வந்த அறிவிப்பு இதற்குத் துணை நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆராய்வர். அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலையே இதற்காக வளர்ந்தது. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அறிவிப்பவர் நல்லவர் என்பது மட்டும் போதாது. சொல்லப்படும் செய்தி உலக நடைமுறையில் நிகழக்கூடியதுதானா என்றும் அளந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதிய மிகப் பெரும் படைத்தொகைகளை எடுத்துக்கொண்டு, அத்தனை வீரர்கள் அணிவகுக்க இடம் எங்கே, அவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டு மறுத்தார்.

பாடநூலிலிருந்து ஊருக்கு

நம் நாட்டில் வணிகக் கல்வி முறையான பள்ளியாகத் தொடங்கியது சென்னையில். 1886-இல் பச்சையப்பன் அறக்கட்டளையினர் அதனைத் தொடங்கினர். அக்காலத்து வணிகக் கல்வி பெரும்பாலும் அலுவலகங்களுக்குக் கணக்கரையும் எழுத்தரையும் உருவாக்கும் கல்வியே. பிறர் தந்த எண்ணைப் பிழையின்றிப் பதிவதே அங்கே திறமை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அக்கல்வியின் வேலையாக இருக்கவில்லை.

அந்தக் கேள்வியை மாணவர் கையில் கொடுத்த நிகழ்ச்சி 1916-இல் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவர் முன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்க்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்; இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றை ஊர் ஊராகச் சான்று திரட்டி எழுதியவர். சென்னை மாணவர் இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் பற்றிப் படித்துத் தேர்வெழுதிக்கொண்டிருந்தனர். அப்படிப்பு நாட்டு நடப்போடு இணைய வேண்டுமாயின் மாணவர் தம் ஊரையே படிக்க வேண்டும் என்று அவர் கருதினார்.

வினாப்பட்டியல் ஒன்று வகுக்கப்பட்டது. ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை மக்கள், நிலம் யாரிடம் எவ்வளவு, எவ்வகைக் குத்தகை, என்ன பயிர், என்ன கூலி, கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, வேறு தொழில் என்ன என்றெல்லாம் அது கேட்டது. மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அப்பட்டியலையும் எடுத்துச் சென்றனர். அவர்கள் எழுதிக் கொணர்ந்தவற்றுள் சிறந்தவற்றைத் தொகுத்து ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக 1918-இல் ஸ்லேட்டர் வெளியிட்டார். இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டுத் தூசி ஆகிய ஊர்களோடு, தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அதில் இடம்பெற்றது.

இருவேல்பட்டு இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட அம்மாவட்டத்தின் கடற்கரை ஓரத்தில்தான் மரக்காணத்து உப்பளங்களும், புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையமும் உள்ளன. ஆதலின், மாணவர் ஆய்வின் இந்தத் தொடக்கக் கதை நம் கரையோர மக்களுக்கு அயலார் கதை அன்று. நம் மாவட்டத்துக் கதையே.

இருவேல்பட்டு சொல்லும் பாடம்

அம்மாணவர் எழுதியது குறையற்றது என்று சொல்வதற்கில்லை. அக்காலத்தில் கல்லூரிக்கு வர இயன்றவர் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே. மேட்டுத் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சேரியின் துயர் முழுவதும் புலப்படாது. கேட்டாலும் நிலக்கிழாரின் மகனிடம் கூலியாள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட மாட்டான். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்பது இன்றும் ஆய்வாளர் முதலில் கற்க வேண்டிய உண்மை.

எனினும் அவர்கள் செய்த ஒரு செயல் அவர்தம் குறைகளைக் கடந்து நிற்கிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தக் கேள்வி என்பதைத் தெளிவாக எழுதி வைத்தனர். அதனாலேயே பின்வந்தோர் அதே ஊருக்குச் சென்று அதே கேள்விகளைக் கேட்க முடிந்தது. 1936–37-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறு ஆய்வு செய்வித்து 1940-இல் நூலாக்கினர். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலப் பெண் அறிஞர் ஸ்லேட்டரின் ஊர்களுள் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்தார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்து எழுதினர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர்.

ஒரே ஊர், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள். பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில், கடனுக்குக் கட்டுண்ட படியாட்கள் உழைத்த ஊராக 1916-இல் பதிவான இருவேல்பட்டில், அந்த ஆதிக்கம் படிப்படியாகத் தளர்ந்ததும், படியாள் முறை மறைந்ததும், தாழ்த்தப்பட்ட மக்கள் வேளாண்மைக்கு வெளியேயும் பிழைப்புத் தேடிக்கொண்டு நிலக்கிழாரைச் சாராமல் வாழத் தலைப்பட்டதும் இவ்வரிசையான ஆய்வுகளால் தெரியவந்தன. அந்த முதல் மாணவர் தம் அறையில் அமர்ந்து கற்பனையாக விடைகளை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1936-இல் வந்தவரும் ஏமாந்திருப்பர். 2008-இல் வந்தவரும் ஏமாந்திருப்பர். ஒரு மாணவன் எழுதும் பொய் எண் அவனுடைய மதிப்பெண் பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை.

எல்லாரையும் கேட்க இயலாதபோது யாரைக் கேட்பது என்னும் சிக்கலுக்கும் நம் நாட்டிலேயே தீர்வு வளர்ந்தது. 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி. சி. மஹலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலை அளக்க 1937 முதல் மாதிரி ஆய்வுகளை நடத்தினார். நிலங்கள் விருப்பப்படி தெரிவு செய்யப்படவில்லை. எது தெரிவாகும் என்பது தற்செயலுக்கு விடப்பட்டது. ஒரே பகுதியை இரு குழுவினர் ஒருவரையொருவர் சாராமல் தனித்தனியே அளந்தனர்; இரு கணக்கும் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று பார்த்தே முடிவின் உறுதி மதிப்பிடப்பட்டது. ஒரு ஹதீஸுக்கு வேறு வழியில் வந்த அறிவிப்பைத் துணையாகத் தேடிய ஆலிம்களின் கருத்தும் இதுவே அன்றோ! 1950-இல் தோன்றிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இம்முயற்சியின் விளைவு.

கரையோரத்தில் ஒரு பயிற்சி

இனி, வணிகவியல் மாணவர் ஒருவர் பொம்மையார்பாளையத்தில் மீனைப் பதப்படுத்தி விற்கும் சிறு தொழில் ஒன்று தொடங்கலாமா என்று ஆராயப் புகுந்தார் எனக் கொள்வோம். வானூர் வட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் மீனவர் குப்பம் உண்டு; வீரசைவ மடம் ஒன்று உண்டு; ஊரை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது; அண்மையில் ஆரோவில் இருக்கிறது; தெற்கே சிறிது தொலைவில் நம் மக்கள் நிறைந்து வாழும் கோட்டக்குப்பம்.

மாணவர் மே மாதத்தில் வந்து, “மீன் வரத்து எப்படி?” என்று கேட்டால் ஒரு விடை கிடைக்கும். ஏனெனில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அத்தடைக் காலத்தில் பெரிய படகுக்காரர் வருவாயின்றி இருப்பார். சிறு படகில் கரையோரம் வலை வீசுபவரின் மீனுக்கோ விலை ஏறியிருக்கும். ஆகவே ஒரே மாதத்தில், ஒரே கடற்கரையில், இருவர் இருவேறு விடை தருவர். இருவருமே உண்மை சொல்பவர்தாம். மாணவர் ஞாயிற்றுக்கிழமை சாலையோரத்தில் நின்று வாடிக்கையாளரை எண்ணி, அதனை முப்பதால் பெருக்கி மாத விற்பனை என்று எழுதினால் அதுவும் பிழையே. வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் கூட்டம் செவ்வாய்க்கிழமை அச்சாலையில் இராது. தேநீர்க் கடையில் இருப்பவரை மட்டும் கேட்டால் ஆண்களின் கருத்து கிடைக்கும். மீனை ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு சென்று விற்பவர் பெண்கள் அல்லவா? விலையின் நுட்பம் அவர்களுக்கே தெரியும்.

வடக்கே மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் இப்பாடத்தை நாள்தோறும் செய்து காட்டுகின்றனர். கடல்நீரை ஒரேயடியாக ஒரு பாத்தியில் தேக்கிக் காயவிட்டால் நல்ல உப்பு கிடைக்காது. பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் செறிவூட்டுவர். நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியில் போமே அளவுப்படி கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். 25 டிகிரியை அடைந்த பிறகே உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். அதற்கு முன்பே கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். முந்தினால் உப்பு வீண். பிந்தினால் தரம் வீண். தேர்ந்த தொழிலாளி நீரின் நிறத்தையும் நாவின் சுவையையும் கொண்டே அளவைச் சொல்லிவிடுவார். ஆயினும் அந்த அனுபவ அறிவைக் கருவியோடு ஒத்துப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு இழிவு ஒன்றும் இல்லை. கடையில் நாற்பது ஆண்டு அமர்ந்த தந்தையின் அனுபவமும், கல்லூரியில் கற்ற மகனின் அட்டவணையும் இவ்வாறே ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டியவை. ஒன்றையொன்று ஏளனம் செய்ய வேண்டியவை அல்ல.

சான்று இருந்தும் நடவாத கதை

சான்று திரட்டுவதோடு கடமை முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதற்கும் இதே கடற்கரை சாட்சி.

நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகரும். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கு நோக்கிய நகர்ச்சியே மிகுதி. குறுக்கே கற்சுவர் எழுப்பினால் அதன் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபோதே இவ்வுண்மை வெளிப்பட்டது. தெற்கே மெரினா மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரம் பகுதி கடலரிப்புக்கு உள்ளாயிற்று. நூறாண்டுச் சான்று எல்லார் கண்ணெதிரிலும் கிடந்தது.

1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இவ்விளைவை வல்லுநர் அறியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஆனால் அது உரியவாறு தொடர்ந்து நடைபெறவில்லை. புதுச்சேரி நகரம் தன் மணற்கரையை இழந்து கற்குவியலைப் பெற்றது. அரிப்பு வடக்கே படர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராகப் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இடமின்றி மீனவர் திகைத்தனர். கரையோர வீடுகள் கடலுக்கு இரையாயின. ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது.

இதில் வணிக மாணவர்க்கு ஒரு கடுமையான பாடம் உண்டு. ஆய்வறிக்கை இருந்தது, அதன் ஒரு பாதி மட்டும் நிறைவேறியது. கட்டச் சொன்ன பகுதி நடந்தது. காக்கச் சொன்ன பகுதி நின்றது. முதலீட்டு அறிக்கையில் இலாபம் காட்டும் பக்கத்தைப் படித்துவிட்டு, நிபந்தனைகள் எழுதிய பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்திடும் ஒவ்வொரு வணிகரும் இப்பிழையையே சிறிய அளவில் செய்கிறார். இழப்பைச் சுமப்பவரோ பெரும்பாலும் அம்முடிவில் பங்கில்லாதவர்.

மாணவர் மனங்கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் பிள்ளைகள் எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே. கண்டதைக் கண்டது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், தாம் ஊகித்ததை ஊகம் என்றும் தனித்தனியே எழுத வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், எத்தகையவரிடம் கேட்டோம் என்பதைக் குறிக்க வேண்டும். தம் கருத்துக்கு மாறான விடை வந்தால் அதனை முதலில் எழுத வேண்டும். ஏனெனில் மறைக்க மனம் விரும்புவது அதனைத்தான். விடை சொல்லாதவரையும் எண்ணிக்கையில் காட்ட வேண்டும். நூறு பேரிடம் கேட்க இயலவில்லையா, முப்பது பேரிடம் மெய்யாகக் கேட்டு, முப்பது என்றே எழுத வேண்டும். முப்பது மெய்யான விடைகள் ஒரு கடையைக் காப்பாற்றக்கூடும். நூறு பொய் விடைகள் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடக்கூடும்.

பெற்றோர்க்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளை ஆய்வேட்டைக் கொண்டு வந்து காட்டும்போது, எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் முன், “இதற்காக எந்தெந்த ஊருக்குப் போனாய்? யார் யாரைப் பார்த்தாய்? நீ எதிர்பாராத விடை எதுவும் வந்ததா?” என்று கேளுங்கள். 1916-இல் வினாப்பட்டியலோடு ஊர் திரும்பிய அந்த மாணவருக்குத் தம் எழுத்து 2008-இல் ஒருவருக்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வழியில்லை. உள்ளதைக் கேட்டு உள்ளபடி எழுதினர், அவ்வளவே. நம் பிள்ளைகளிடம் இன்று நாம் வேண்டுவதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.